பில்லில் தேதி மாறுகிறது: விண்டோஸில் ரீஜன் அமைப்பை மாற்றினால் போதுமா?

உங்கள் பழைய பில்லிங் மென்பொருள் மாதத்தின் முதல் சில நாள்களில் மட்டும் வேறு தேதியின் விவரத்தைக் காட்டுகிறது, 13-ஆம் தேதிக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது, ரீஜன் அமைப்பை (எந்த நாட்டு முறையில் தேதியைக் காட்ட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் இடம்) மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றினால் தொல்லை மறையக்கூடும், கோளாறு மறையாது. எங்கள் கடையில் அந்த அமைப்பைச் ‘சரியாக’ மாற்றிய நாளில்தான் பிழையே தொடங்கியது. மாற்றியவன் நான். நான் கணினி படித்தவன் அல்லன், பி.காம். முடித்த கணக்கன்; ஆகவே சொற்களில் பிழை காண்பவர்கள் காணட்டும், நடந்ததில் பிழை இல்லை.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடை அது. விபி 6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய நிரல்மொழியில் எழுதி, மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் தரவுத்தளத்தை வைத்து ஓடும் மென்பொருள். விலை மாறும் நாளில் மட்டும் புதிய விலையைப் பதிவோம். பில் போடும்போது அன்றைக்கோ அதற்கு முன்போ கடைசியாகப் பதிந்த விலையை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். பழைய கணினியில் மாதம் முன்னாலும் நாள் பின்னாலும் தெரிவது முதலாளிக்கு நெடுநாள் எரிச்சல். டிசம்பர் கடைசியில் புதிய கணினி வந்ததும், அவர் சொன்னபடி இந்திய அமைப்பைத் தேர்ந்து, நாள்/மாதம்/ஆண்டு என்று வைத்தேன்.

ஜனவரியில் ஒரு குறையும் இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள், மார்ச்சில் இரண்டு நாள் பழைய விலை வந்தது. கை தவறியிருக்கும் என்று திருத்திப் போட்டோம். அடுத்த இரண்டு மாதங்களில் விலை பெரிதாக ஏறி இறங்கவில்லை. ஜூனில் மழை பிடித்தது, பால்வெட்டு குறைந்தது, பில்லும் குறைந்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி ஷீட் கொண்டுவந்த ஒரு பாட்டி பில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன மக்கா, பேப்பர்ல போட்ட வெல ஒண்ணு, நீ போடுத வெல ஒண்ணா?” என்று கேட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பில்லில் இருந்தது மே 9-ஆம் தேதி விலை.

ஐந்தும் ஒன்பதும் இடம் மாறியிருப்பதை அன்று இரவுதான் கண்டேன். ஆக்செஸில் வினவலுக்குள் (தரவைத் தேடி எடுக்கச் சொல்லும் கட்டளை, ஆங்கிலத்தில் query) இரண்டு ஹாஷ் (#) குறிகளுக்கு நடுவே எழுதும் தேதியை, விண்டோஸில் எந்த நாட்டு அமைப்பு இருந்தாலும், அது அமெரிக்க முறையில் மாதம் முதலாகத்தான் படிக்கும். எங்கள் மென்பொருளோ திரையில் உள்ள தேதியை அப்படியே எடுத்து அங்கே ஒட்டிவிடுகிறது. 05/09 என்றால் மே 9. 13/09 என்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால், ஒரு முறைப்பாடும் இல்லாமல் 13-ஐ நாளாகப் படித்துக்கொள்ளும். புரியாத தேதிக்கு அது ஒரு பிழைச்செய்தி காட்டியிருந்தால் ஜனவரி 13 அன்றே பிடித்திருப்போம் என்பதே இன்றுவரை என் ஆற்றாமை. பிப்ரவரி 5-ஐ மே 2 என்று படித்தால் அது இன்னும் வராத நாள், ஆகவே கடைசி விலையே கிடைத்துவிடும். நாளின் எண் மாத எண்ணைவிடச் சிறியதாக இருக்கும்போது மட்டுமே பழைய விலை வரும். அதனால்தான் மாதம் ஏற ஏறப் பிழையும் ஏறியது.

எங்கள் வீட்டுப் பழைய ஆதாரத்தில் (சொத்துப் பத்திரத்தில்) 1099 என்று மட்டும் ஆண்டு இருக்கிறது. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக்கணக்கு) என்று தெரிந்தவர்களுக்கு அது 1924-இன் பெருவெள்ளக் காலம். தெரியாதவர்களுக்குச் சோழர் காலம். 05/09-உம் அதே வகைதான்.

மென்பொருளை எழுதியவர் அப்போது வளைகுடாவில் இருந்தார். மூல நிரல் எங்களிடம் இல்லை. ஆகவே ரீஜன் அமைப்பில், குறுந்தேதி (Short date) வடிவத்தில் மாதத்துக்கு மூன்று பெரிய ‘எம்’ எழுத்துகள் வைத்து, 05-செப் என்பதுபோல் மாதம் ஆங்கில எழுத்தில் வருமாறு செய்தேன். எழுத்தில் வரும் மாதத்தை ஆக்செஸ் மாற்றிப் படிக்க வழியில்லை. சிறிய ‘எம்’ போட்டால் அது நிமிடம், கவனம். மொழி ஆங்கிலமாகவே இருக்க வேண்டும். தமிழாக இருந்தால் மாதப் பெயர் தமிழில் போய் வினவலே நின்றுவிடும். உங்கள் மென்பொருள் தேதியின் நான்காவது, ஐந்தாவது எழுத்துகளை வெட்டி மாதமாக எடுப்பதாக இருந்தால் இந்த வழி உதவாது, எனவே தரவின் நகலில் முதலில் சோதியுங்கள். மூல நிரல் உங்களிடம் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். வினவலுக்குத் தேதி போகும் ஒவ்வோர் இடத்திலும் ஆண்டு-மாதம்-நாள் என்று வடிவமைத்து அனுப்பச் சொல்லுங்கள். புதிய மென்பொருள் வாங்கலாமே என்று எழுதப்போகிறவர்கள், அதன் விலையை எங்கள் முதலாளியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

பில்களில் தேதி சரியாகவே பதிவாகியிருந்தது, விலை மட்டும்தான் தவறு. பிப்ரவரி முதல் அன்றுவரை அப்படிப்பட்ட நாள்கள் 33. அவற்றின் பில்களை எல்லாம் எடுத்துக் கையால் கணக்குப் போட்டேன். குறைவாகப் பெற்றவர்களுக்கு மீதியைக் கொடுத்தோம். கூடுதலாகப் பெற்றவர்களின் பட்டியல் முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.