குதிரை ஏறியபோது யாரும் கேட்கவில்லை

வணக்கம் ஐயா,

அர்ஜென்டினாவின் கோம் பழங்குடிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அவர்களில் பலர் இன்று பெந்தகொஸ்தே கிறிஸ்தவர்கள். ரொசாரியோ போன்ற நகரங்களின் ஓரத்தில் குடியேறிவிட்டார்கள். வேட்டை போய்விட்டது, பிள்ளைகள் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். இதற்கு மேலும் ‘நாங்கள் கோம்’ என்பது நிலத்துக்கான அரசியல்தானே?

செந்தில், தாராபுரம்

அன்புள்ள செந்தில்,

நிலத்துக்கான அரசியலும்தான். பறித்தது அரசியல் என்றால் திருப்பிக் கேட்பதும் அரசியலாகத்தானே இருக்கும்?

மாறாதவன்தான் பழங்குடி என்று நினைக்கிறீர்கள். வடக்கு அர்ஜென்டினாவின் கிரான் சாக்கோ காடுகளில் வேட்டையாடி, மீன் பிடித்து, தேன் எடுத்து வாழ்ந்தவர்கள் இவர்கள். ஸ்பானியர் கொண்டுவந்த குதிரையைப் பழக்கிக்கொண்டதும் வேட்டை, போர் எல்லாமே மாறிப்போயின. அந்தக் குதிரை பலத்தில்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை சாக்கோ யாருக்கும் முழுதாக அடங்கவில்லை. குதிரை ஏறியதால் நீ கோம் இல்லை என்று அன்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. தேவாலயத்துக்குப் போனால் மட்டும் சந்தேகம் வருகிறது. அதுவும் 1950களில் அவர்களே உருவாக்கி, அவர்களுடைய போதகர்களே நடத்தும் ஐக்கிய சுவிசேஷத் திருச்சபை.

பிள்ளைகளின் மொழிக்கு வருகிறேன். 1884இல் ராணுவம் சாக்கோவுக்குள் இறங்கியது. பிறகு நபால்பி போன்ற அரசுக் குடியிருப்புகளில் அடைத்துப் பருத்தி பயிரிட வைத்தார்கள். 1924இல் விளைச்சலில் 15 சதவீதம் பிடித்தம் என்றார்கள். சரி, சால்தா, ஹுஹுய் மாகாணங்களின் கரும்பாலைகளுக்காவது கூலி வேலைக்குப் போகலாம் என்றால் அதற்கும் ஆளுநர் சென்டெனோ தடை போட்டார். கோம் மக்களும் மோகோயிட் என்ற இன்னொரு பழங்குடியும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 19 காலையில் போலீசும் குடியேறிகளும் சேர்ந்து சுட்டார்கள். விமானம்கூட வந்தது, அதன் படத்தை லேமன்-நிட்சே என்ற ஜெர்மானிய மானுடவியலாளர் எடுத்து வைத்திருந்தார். செத்தவர்கள் 400 முதல் 500 பேர். தப்பியவர்கள் பயத்தில் ஒளிந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகளிடம் தங்கள் மொழியில் பேசுவதையே பலர் விட்டுவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ‘ஸ்பானிஷ்தானே பேசுகிறார்கள்’ என்று கேட்க எனக்கு நா எழாது.

தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பல வருடம் தேடித் திரட்டியவர் ஹுவான் சிக்கோ, கோம் வரலாற்றாசிரியர். 2021இல் கோவிடில் போய்விட்டார். அடுத்த வருடம் ரெசிஸ்டென்சியா நகரில் அந்தப் படுகொலை பற்றி நீதிமன்ற விசாரணை நடந்தது. குற்றவாளி ஒருவர்கூட உயிரோடில்லை, தண்டிக்க ஆளில்லை, இருந்தும் நடத்தினார்கள். மே 19 அன்று, இது மானுடத்துக்கு எதிரான குற்றம், அரசே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. கோம் மொழியிலும் மோகோயிட் மொழியிலும் அதை வாசித்தார்கள்.

இனி நிலம். பழங்குடிச் சமூகங்களின் மரபான நிலம் அவர்களுக்கே சொந்தம் என்று அர்ஜென்டினாவின் அரசியலமைப்பு 1994லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் 2010 நவம்பரில் ஃபோர்மோசா மாகாணத்தின் லா பிரிமவேராவில் அந்த நிலத்தைக் கேட்டு கோம் மக்கள் சாலையை மறித்தபோது போலீஸ் பாய்ந்தது. அவர்களில் ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் இறந்தார்கள். அதன்பின் ஃபெலிக்ஸ் தியாஸ் தலைமையில் தலைநகரின் பெரிய சாலையில் போய்க் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். நீங்கள் சொல்லும் அரசியல் இதுதான். எழுதிவைத்த சட்டத்தை அமல்படுத்தச் சொல்கிறார்கள்.