ஷூவோடு 57, வெறுங்காலில் 48: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். அங்கே தொடையில் சென்சார் ஒட்டி, ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். முதல் வாரம் வெறுங்காலில் 48 சதவீதம், அடுத்த வாரம் ஷூ போட்டு 57 சதவீதம். ‘இனி வெறுங்காலே வேண்டாம் சார்’ என்கிறார் பயிற்சியாளர். எனக்கோ வெறுங்காலில்தான் நிதானம் கிடைக்கிறது. மாடிப்படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் லேசாக வலிக்கும். எதைப் பின்பற்றுவது?

பதில்: அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. நடுவில் ஒரு வாரம் ஓடியிருக்கிறது, சென்சாரைப் பிய்த்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஷூ உங்கள் தசையை மாற்றியதா, ஒட்டிய இடம் எண்ணை மாற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களுக்கு எடுத்தது இ.எம்.ஜி. ஈசிஜிக்கு மார்பில் ஒட்டுவார்களே, அதே மாதிரிதான். தசை சுருங்கும்போது எழும் மின்சாரத்தைத் தோலுக்கு மேலிருந்து பிடிக்கிறது. (நரம்பு மருத்துவர் ஊசி குத்தி எடுக்கும் இ.எம்.ஜி வேறு; அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கிடைப்பது பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான சமாச்சாரம். நடுவில் தோல், கொழுப்பு, வியர்வை. பக்கத்துத் தசையின் மின்சாரமும் சேர்ந்து வரும்.

காலை நீட்டி இறுக்கிப் பாருங்கள். முட்டிக்கு மேலே உள்பக்கம் மாங்கொட்டை மாதிரி ஒரு தசை புடைக்கும். அதை அளக்க, சென்சாரை எங்கே ஒட்டுவது என்று சொல்லும் ஐரோப்பிய ‘செனியம்’ பரிந்துரை ஒரு முறை சொல்கிறது: இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முட்டியின் உள்பக்க மூட்டு இடைவெளிவரை டேப் பிடித்து, 80 சதவீதம் இறங்கிய இடத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு ஒட்டுகளுக்கும் இடையே 2 செ.மீ. முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு. அடுத்த வாரமும் அளப்பதென்றால், ஒட்டைச் சுற்றி அழியாத மார்க்கரில் கோடு போட்டு அனுப்புவதுகூட உண்டு. உங்கள் தொடையில் யாராவது டேப் பிடித்தார்களா? கண்ணால் பார்த்து ஒட்டியிருந்தால், ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே எண் மாறிவிடும்.

அப்புறம் அந்த ‘சதவீதம்’. எதில் சதவீதம்? முதலில் உங்களை முழு பலத்தோடு முட்டியை நீட்டி அழுத்தச் சொல்லி, அதை 100 என்று வைத்திருப்பார்கள். ஸ்குவாட்டில் 0.3 மில்லிவோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு பலத்தில் 0.6 வந்த நாளில் அது 50 சதவீதம். தூக்கம் சரியில்லாமல், முட்டி வலியால் அரைமனதாக அழுத்தி 0.5 தான் வந்தால், அதே ஸ்குவாட் 60 சதவீதம் ஆகிவிடும். தொடை செய்த வேலையில் துளி மாற்றமில்லை! என் சந்தேகம் முழுக்க இங்கேதான்.

எல்லா அளவிலும் பிழை உண்டு. ஒரு கருவியின் வழக்கமான பிழை 5 சதவீதப் புள்ளி என்றால், இரண்டு அளவிலும் பிழை இருப்பதால், அவற்றுக்கு நடுவே சுமார் 14 புள்ளி வித்தியாசம் வந்தால்தான் அதை நிஜ மாற்றம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். உங்களுக்கு வந்தது 9.

சரியாக ஒப்பிட ஆசையா? ஒரே நாளில், ஒட்டைப் பிரிக்காமல், ஒரே எடை, ஒரே ஆழம், ஒரே வேகம். வெறுங்காலில் ஒரு செட், ஷூவில் ஒரு செட் என்று மாற்றி மாற்றி, நடுவில் நன்றாக ஓய்வெடுத்து. களைத்த தசை அதே எடைக்கே அதிக மின்சாரம் காட்டும், அதனால் வரிசை முக்கியம். இதெல்லாம் செய்தாலும், எண் கூடினால் தசை வளரும் என்று அர்த்தமில்லை.

ஷூவால் எதுவுமே மாறாதா என்றால், மாறும். குதிகால் உயர்ந்த ஷூவில் கணுக்கால் குறைவாக மடங்கினால் போதும், முதுகு நிமிர்ந்து நிற்கும். கணுக்கால் விறைப்பாக இருப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் முட்டி முன்னே தள்ளிப்போகும். உங்களைப் போல முன்முட்டி வலி உள்ளவர்களுக்கு அது உறுத்தலாம். மெத்தென்ற ஓட்ட ஷூ பாரம் தூக்க ஆகாது, கால் ஆடும்.

எனவே வெறுங்காலிலேயே செய்யுங்கள், அல்லது தட்டையான கெட்டி அடிப்பாக ஷூவில். இப்போதைக்கு வலி வராத ஆழம்வரை மட்டும் இறங்குங்கள். ஜிம் தரையில் எடைத் தட்டு விழுந்தால் ஷூவே பெரிதாகக் காப்பாற்றாது, வெறுங்காலைக் கேட்கவே வேண்டாம், கவனம்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: சர்க்கரை நோய் இருக்கிறதா? இருந்தாலோ, பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தாலோ, நான் சொன்ன வெறுங்கால் யோசனை உங்களுக்கு இல்லை, ஷூ கட்டாயம். முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டால், ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். சென்சார் ரிப்போர்ட்டை எடுத்துப்போக வேண்டாம்.