அட்டை வந்தது; மாணவர் வந்தாரா?

பள்ளி, கல்லூரிகளில் வருகைப்பதிவை ஐடி கார்டு மூலம் எடுப்பது குறித்து மதுரை மாவட்ட வாசகர்களிடமிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்ததால், இந்த முறை பிற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 600 பிள்ளைகள் படிக்கிறார்கள். பெயர் வாசித்து முடிப்பதிலேயே முதல் பாடவேளையில் பத்து நிமிடம் போய்விடுகிறது. ரேடியோ அலைவழி படிக்கப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை போடலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. விசாரித்தால் ஒருவர் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அட்டை என்கிறார், இன்னொருவர் 13.56 மெகாஹெர்ட்ஸ் என்கிறார், மூன்றாமவரோ பிள்ளைகள் நடந்து வந்தாலே போதும், வாசலே பதிவு செய்துகொள்ளும் என்கிறார். எதை நம்பி வாங்குவது?
— தலைமையாசிரியர், திருமங்கலம்

பதில்: மூவர் சொல்வதும் உண்மையில் உள்ள தொழில்நுட்பங்கள்தான், உங்கள் பள்ளிக்கு எது பொருந்தும் என்பதில்தான் வேறுபாடு. இந்த அட்டைகளுக்குள் மின்கலம் கிடையாது. முதல் இரண்டு வகைகளில், மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றும் கடுகளவு சில்லு (சிப்) ஒன்றும் பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருக்கும். அட்டையைப் படிக்கும் கருவியான ரீடர் தன்னைச் சுற்றி உருவாக்கும் காந்தப்புலத்துக்குள் அட்டை வரும்போது அந்தச் சுருளில் மின்சாரம் தூண்டப்பட்டு, சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. எனவே அட்டையை ரீடருக்கு அருகில், சில சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தாக வேண்டும்; வருகைப்பதிவுக்கு இந்தக் குறை ஒரு நன்மையே, ஏனெனில் பிள்ளை வேண்டுமென்றே செய்யும் ஒரு செயலாகப் பதிவு அமைகிறது.

125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளில் பரவலாக விற்பவை தம் எண்ணைக் கேட்கும் எந்த ரீடருக்கும் அப்படியே ஒப்பிப்பவை. மலிவானவை, ஆனால் அந்த எண்ணை வெற்று அட்டை ஒன்றில் நகலெடுப்பது மிக எளிது. 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையில் பெரும்பாலோர் தரும் மைஃபேர் கிளாசிக் அட்டை 1994இல் சந்தைக்கு வந்தது. அதன் மறைகுறியாக்க முறை (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் பூட்டு) உடைக்கப்பட்டுவிட்டதை 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிப்படையாகக் காட்டினார்கள். ஆகவே ‘உயர் பாதுகாப்பு’ என்று யாராவது அந்த அட்டையை விற்றால் சிரித்துவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். பள்ளி வருகைக்கு அது போதுமானதுதான். அதே அட்டையில் உணவகக் கணக்கு, கட்டணம் என்று பணத்தையும் ஏற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் மைஃபேர் டெஸ்ஃபயர் போன்ற, ஏ.இ.எஸ். என்ற வலுவான மறைகுறியாக்க முறையில் இயங்கும் அட்டைகளைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாமவர் சொல்வது யு.எச்.எஃப். எனும் மீ உயர் அலைவரிசை வகை, நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இயங்குவது. கப்பலூர் சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக்கைச் சில மீட்டர் தொலைவிலிருந்து படிப்பது இதே தொழில்நுட்பம்தான். ஆனால் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருகின்றன, பிள்ளைகள் அப்படி வருவதில்லை. மனித உடலில் உள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சுவதால், மார்போடு ஒட்டிய அட்டையும் புத்தகப்பைக்கும் முதுகுக்கும் இடையில் சிக்கிய அட்டையும் படிக்கப்படாமல் போகும். வாசலுக்கு வெளியே ஐஸ் வண்டியைச் சுற்றி நிற்கும் பிள்ளையின் அட்டையோ படிக்கப்பட்டுவிடும். 600 பேரில் நாளுக்கு இருபது பேர் தவறாகப் பதிவானால், அந்த இருபது பேர் யார் என்று தேட நீங்கள் மறுபடியும் பெயர் வாசிக்கத்தான் வேண்டும். எனவே 13.56 மெகாஹெர்ட்ஸ் வாங்குவதே நல்லது. ஒரு பிள்ளைக்கு இரண்டு விநாடி என்று கொண்டால், இரண்டு ரீடர்களில் 600 பேர் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் டவுன் பஸ்கள் இரண்டு சேர்ந்தாற்போல் வந்து நின்றால் வாசலில் நெரிசல்தான். வசதி இருந்தால் வாசலில் வைப்பதைவிட வகுப்பறை வாசல்களிலோ, தளத்துக்கு ஒன்றாகவோ வையுங்கள். இரும்புக் கதவிலோ இரும்புத் தூணிலோ ரீடரை நேரடியாகப் பொருத்த விடாதீர்கள். உலோகம் காந்தப்புலத்தைக் கெடுத்துப் படிக்கும் தூரத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இந்த முறை வந்து ஓராண்டாகிறது. ஒரு மாணவன் தன் அட்டையோடு நண்பர்கள் இருவரின் அட்டைகளையும் காட்டிவிட்டுப் போகிறான். கணினியில் மூவரும் வந்ததாக இருக்கிறது. நகலெடுக்க முடியாத அட்டை வாங்கினால் இது நின்றுவிடுமா?
— ஆசிரியை, மேலூர்

பதில்: நிற்காது, அம்மா. மறைகுறியாக்கம் அட்டையை நகலெடுப்பதைத் தடுக்கும், இரவல் கொடுப்பதைத் தடுக்காது. எவ்வளவு விலை உயர்ந்த அட்டையானாலும் கணினிக்குத் தெரிவது ‘இந்த அட்டை இந்த நேரத்தில் இங்கே வந்தது’ என்பது மட்டுமே. அட்டைக்குப் பின்னால் நின்றது யார் என்பது அதற்குத் தெரியாது. இந்த ஒரு செய்தியை விற்பனையாளர்கள் சொல்வதில்லை, நிர்வாகங்கள் கேட்பதுமில்லை. பிள்ளைகள் மட்டும் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கழுத்தில் ஓர் அட்டை தொங்க, சட்டைப்பையிலிருந்து இன்னொன்றும் கால்சட்டைப் பையிலிருந்து மற்றொன்றும் எடுத்து, ஒவ்வொரு ‘பீப்’ ஒலிக்கும் ஓரடி நகர்ந்து நின்று, மூன்று பேர் வரிசையில் வந்ததுபோலவே காட்டிவிட்டுப் போகும் பையனின் கைத்திறனைப் பார்த்தால் கோபத்தை மீறிச் சற்று வியப்பும் வரும்.

இதற்கு விரல்ரேகைக் கருவி வாங்குவோம் என்று அடுத்தபடியாகச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். சிறு பிள்ளைகளின் விரல்ரேகையின் அளவு வளர வளர மாறுவதாலும், சுண்ணாம்புத்தூளும் வியர்வையும் படிந்த விரலைக் கருவி பலமுறை மறுப்பதாலும் வாசலில் வரிசை நீளும். அதைவிடப் பெரிய காரணம், தொலைந்த அட்டையை மாற்றித் தரலாம், கசிந்த விரல்ரேகையை யாராலும் மாற்றித் தர முடியாது.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அட்டை காட்டியவர்களின் பட்டியலைக் கணினி வகுப்பாசிரியரின் கைப்பேசிக்கு அனுப்பட்டும். அவர் வகுப்பில் தலைகளை எண்ணிப் பார்க்கட்டும். பட்டியலில் 41, வகுப்பில் 41 என்றால் ஓர் அழுத்தலில் உறுதி செய்துவிடலாம். அரை நிமிடம்கூட ஆகாது. 41க்கு 39 இருந்தால் அன்று மட்டும் பெயர் வாசித்தால் போதும். ஆசிரியர் உறுதி செய்யும் வரை எந்தப் பதிவும் ‘தற்காலிகம்’ என்ற நிலையிலேயே இருக்குமாறு மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள். அட்டையைக் காட்டியதும் அந்த மாணவரின் புகைப்படம் பெரிய திரையில் தோன்றுவதும் நல்ல பயன் தரும்; அருகில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் அதுவும். உங்கள் மாணவனை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறோம்: அட்டை கொடுத்தனுப்பிய அந்த இருவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: என் மகள் நாள் முழுக்க அந்த அட்டையைக் கழுத்தில் போட்டிருக்கிறாள். கதிர்வீச்சால் தீங்கு வருமா?
— வாசகி, வாடிப்பட்டி

பதில்: வராது. மின்கலம் இல்லாத அட்டை ரீடருக்கு அருகில் இல்லாதபோது எதையும் வெளியிடுவதில்லை. அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. ஓடும் பேருந்தில் கழுத்துக் கயிறு கம்பியில் சிக்கிக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. இழுத்தால் தானே விடுபடும் கொக்கி உள்ள கயிறாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஆர்.சி.522 ரீடரையும் இ.எஸ்.பி.32 என்ற வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகையையும் வைத்து வருகைப்பதிவுக் கருவி செய்திருக்கிறோம். மேசையில் நன்றாக வேலை செய்கிறது. துறையில் பொருத்தியதும் ஒரே மாணவருக்கு நான்கு பதிவுகள் விழுகின்றன. வைஃபை போனால் பதிவே இல்லை. மின்சாரம் போய் வந்தால் நேரம் தவறாக இருக்கிறது. எங்கே பிழை?
— மாணவர்கள், மதுரை

பதில்: பிழை பாகங்களில் இல்லை. ஒரு மாணவர் அட்டையை ஒரு விநாடி பிடித்திருந்தால் நிரல் அதைப் பலமுறை படித்துவிடும். அதே எண் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் புறக்கணிக்குமாறு எழுதுங்கள். ஆனால் பச்சை விளக்கும் ஒலியும் ஒவ்வொரு முறையும் வரட்டும், இல்லையெனில் பதிவாகவில்லை என்று எண்ணி மாணவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

வைஃபை எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதிய நிரல் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் படுத்துவிடும். படித்த எண்ணையும் நேரத்தையும் முதலில் கருவியின் நினைவகத்திலோ மெமரி கார்டிலோ எழுதிவிட்டு, பிறகு சர்வருக்கு அனுப்புங்கள். சர்வரிடமிருந்து ‘பெற்றேன்’ என்ற பதில் வந்த பிறகே அந்த வரியை அனுப்பப்பட்டதாகக் குறியுங்கள். பதில் வரும் வழியில் தொலைந்தால் அதே பதிவு இரண்டாம் முறை போகும் என்பதால், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி வரிசை எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் சேர்க்காதபடி செய்துவிடுங்கள். இ.எஸ்.பி.32 பலகை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதையும் கல்லூரி நெட்வொர்க்கைப் பார்ப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

மின்சாரம் போனால் அந்தப் பலகை நேரத்தை மறந்துவிடும். பொத்தான் மின்கலத்தோடு வரும் டி.எஸ்.3231 கடிகாரத் தொகுதியைச் சேருங்கள். அறை வெப்பத்தில் அது ஓர் ஆண்டுக்குச் சுமார் ஒரு நிமிடமே பிசகும். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும்போது அது உலகப் பொது நேரமாக வரும், நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஆர்.சி.522க்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் பழுதாகிவிடும்.

நீங்கள் கேட்காத, ஆனால் விரைவில் சந்திக்கப் போகிற இரண்டு சிக்கல்கள். அட்டை எண்ணை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். அதை எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள். வேறொரு நிறுவனத்தின் யு.எஸ்.பி. ரீடரில் அதே அட்டையைக் காட்டினால் வேறு எண் வரலாம், பைட்டுகளை அது தலைகீழாக அடுக்கிப் பத்திலக்கமாகக் காட்டுவதே காரணம். அட்டை எண்ணையே மாணவரின் அடையாளமாகக் கொள்ளாமல், சேர்க்கை எண்ணுக்கு எதிரே அட்டை எண் என்று தனி அட்டவணை வைத்தால், தொலைந்த அட்டைக்குப் பதில் புதியது கொடுக்கும்போது ஒரு வரியை மாற்றினால் போதும். கைப்பேசியில் உள்ள என்.எஃப்.சி. எனும் அருகலைத் தொடர்பு வசதியைக் காட்டிப் பதிவு செய்யலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். பல கைப்பேசிகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தற்செயல் எண்ணைத் தருவதால் இந்த அமைப்பில் அது நடக்காது.

கேள்வி: பையன் பள்ளிக்கு வரவில்லை என்று செய்தி வந்தது. நூறு நாள் வேலையிலிருந்து அலறியடித்துக்கொண்டு ஓடினேன். அவன் வகுப்பில்தான் இருந்தான். அட்டையை வீட்டில் மறந்திருக்கிறான். இப்படிச் செய்தி அனுப்புவதும், பிள்ளைகளின் விவரங்களை வெளியாரிடம் கொடுப்பதும் சரியா?
— ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அட்டை காட்டப்படாததை ‘வரவில்லை’ என்று கணினி தானாகப் பொருள்கொண்டதால் வந்த வினை இது. ஆசிரியர் வகுப்பில் பார்த்து உறுதி செய்த பிறகே, வராதவர்களின் வீட்டுக்கு மட்டும் செய்தி போக வேண்டும். இவ்வளவு செலவு செய்து இந்த அமைப்பை வைப்பதில் உருப்படியான பயன், வீட்டிலிருந்து கிளம்பிப் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றி காலை பத்து மணிக்குள் பெற்றோருக்குத் தெரிவதுதான். அந்தப் பயனைத் தவறான செய்திகள் கெடுத்துவிடும்: இரண்டு முறை வீணாக ஓடிய தாய் மூன்றாம் முறை உண்மையான செய்தியை நம்பமாட்டார். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கான உள்ளூர் விடுமுறையை மென்பொருளில் குறிக்க மறந்தால், ஊருக்கே ‘வரவில்லை’ என்று செய்தி போகும்; அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்தால் ஒருவருக்கும் போகாது.

செய்தியைத் தமிழில் கேளுங்கள். பள்ளிகள் ஆங்கிலத்தை விரும்புவதற்குக் காரணம் கட்டணம்: ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும், தமிழில் 70தான், புள்ளியும் கால் கொம்புகளும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். ‘இன்று உங்கள் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை.’ என்பதற்கு 39 போக, பெயருக்கும் பள்ளிக்கும் 31 மிஞ்சுகிறது; ஆக, ஒரே செய்தியில் தாராளமாக அடக்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், பள்ளி தொடங்கும் முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

விவரங்களைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொது விதியாக வைத்திருக்கிறது. கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தேவையான அளவில் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. அட்டையில் பெயர், வகுப்பு, பள்ளியின் தொலைபேசி எண் இருந்தால் போதும். வீட்டு முகவரியும் ஆதார் எண்ணும் அதில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரப் பள்ளிகள் இரண்டில், மாணவர் வளாகத்தில் எங்கே இருக்கிறார் என்பதையே காட்டும் அட்டைகளை 2012இல் கொண்டுவந்து, வழக்கு வரை போய், 2013இல் கைவிட்டார்கள். வகுப்புக்கு வந்தாரா என்று அறிவது ஒன்று, கழிப்பறைக்கு எத்தனை முறை போனார் என்று அறிவது வேறு. விவரங்கள் எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன, பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் அழிக்கப்படுமா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அட்டை முறை வந்துவிட்டதால் காகித வருகைப் பதிவேட்டை நிறுத்திவிடலாமா?
— அலுவலகப் பணியாளர், அலங்காநல்லூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கல்வித்துறைச் செயலியில் அன்றாட வருகையைத் தனியாகப் பதிகிறார்கள், உங்கள் அட்டைக் கணக்கு அதற்கு மாற்றாகாது. 75 சதவீத வருகை இருந்தால்தான் பொதுத்தேர்வு எழுதலாம் என்ற விதியுள்ள சி.பி.எஸ்.இ. பள்ளியானால், மார்ச் மாதத்தில் ஒரு பெற்றோர் கணக்குக் கேட்டு வரும்போது கையெழுத்துள்ள தாள் வேண்டியிருக்கும். ஆசிரியர் உறுதி செய்த பட்டியலை வாரக் கடைசியில் அச்செடுத்து, கையொப்பம் வாங்கிக் கோப்பில் சேருங்கள். கணினியில் பின்னர் செய்த திருத்தம் ஒவ்வொன்றுக்கும் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது அந்த அச்சில் தெரிய வேண்டும். உங்கள் மென்பொருள் அதைக் காட்டவில்லை என்றால், அடுத்த ஆண்டுக்கான பராமரிப்புத் தொகையைக் கட்டும் முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.