'அஷேம்ட்' என்று எப்போது சொல்ல வேண்டும்?

'அஷேம்ட்' என்றால் வெட்கப்படுவது என்று அகராதி சொல்கிறதே, மேடையில் பேச வெட்கமாக இருக்கிறது என்பதற்கும் அதையே சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லக் கூடாது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இந்தச் சொல்லில் இடறாத மாணவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு மாணவி, விசைப்படகில் மீன்பிடிக்கப் போகும் தன் அப்பாவைப் பற்றிய பத்தியில் 'ஐ ஆம் அஷேம்ட் ஆஃப் மை ஃபாதர்' என்று எழுதியிருந்தாள். இவர் என் தகப்பன் என்று சொல்லிக்கொள்வதே அவமானம் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். விசாரித்தபோது, "அப்பா எதிர்ல பேசக் கூச்சமா இருக்கும் சார், அதைத்தான் எழுதினேன்" என்றாள். அதற்குரிய சொல் 'ஷை'.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் மணப்பெண் தலைகுனிவதையும் திருடிப் பிடிபட்டவன் தலைகுனிவதையும் நாம் வெட்கம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். தகாத செயலுக்காக நாணுவது ஒன்று, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று 1011ஆம் குறள் பிரித்துக் காட்டுகிறது. 'அஷேம்ட்' முதலாவதைச் சேர்ந்தது: செய்த தவறுக்காகவோ, தன் நிலை தாழ்ந்தது என்ற எண்ணத்தாலோ உள்ளுக்குள் குன்றிப்போவது. கடற்கரைச் சாலையில் நாலு பேர் பார்க்கத் தடுக்கி விழுந்தால் அது சங்கடம், 'எம்பராஸ்ட்'. சண்டே மார்க்கெட்டில் வயதான வியாபாரியிடம் எரிந்து விழுந்துவிட்டு, இரவு படுத்த பிறகு அவர் முகம் நினைவுக்கு வந்து மனம் குறுகினால் அது 'அஷேம்ட்'.

இச்சொல்லோடு 'டு' சேரும்போது கவனம் தேவை. 'ஐ ஆம் அஷேம்ட் டு சே' என்பவர் வெட்கத்தோடு சொல்லியே விடுகிறார். 'ஐ வாஸ் அஷேம்ட் டு ஆஸ்க்' என்பவரோ பெரும்பாலும் வெட்கத்தால் கேட்காமலே இருந்துவிட்டவர். பிறர் செய்ததற்காக நாம் கூசும்போது 'ஃபார்' வரும். பிறர் பழிக்கும் நாணுவோரை 1015ஆம் குறள் போற்றுவது இதற்கு மிக நெருக்கமானது. செயலைக் குறிக்க 'ஷேம்ஃபுல்' என்க.

அந்த மாணவி தன் வரியைத் திருத்தியபோது 'ஆஃப்' என்பதை அப்படியே விட்டிருந்தாள். 'ஷை ஆஃப்' என்றால் அப்பாவைக் கண்டு ஒதுங்குகிறாள் என்று பொருள் மாறும் என்பதால், அதையும் அடித்துவிட்டு 'வித்' என்று எழுதச் சொன்னேன்.