டயர் அகலமா, சைக்கிளே புதுசா? கடைக்குப் போகும் முன் ஸ்கேலை எடுங்கள்

கேள்வி: அண்ணே, பினாங்கில் குளுகோரிலிருந்து லெபோ பந்தாயில் உள்ள அலுவலகத்துக்கு வாரம் நான்கு நாள் சைக்கிளில் போகிறேன். ஒரு வழி எட்டு கிலோமீட்டர் இருக்கும். டயரில் 700×28 என்று போட்டிருக்கிறது. டயரிலேயே எழுதியிருப்பதால் 100 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறேன். பாதி வழியில் உள்ளங்கை மரத்துப் போகிறது, வீட்டுக்கு வந்தால் இடுப்பு வலி. அகல டயர் போடலாமா என்று கேட்டால் ஒரு கடையில் “வேகம் போய்விடும்” என்கிறார்கள். இன்னொரு கடையில் “இதற்கு ஏறாது, 29 இன்ச் சைக்கிள் வாங்கிக்கொள்” என்கிறார்கள். என் எடை 78 கிலோ. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, புது சைக்கிள் வேண்டாம். டயரைப் பற்றிப் பேசுமுன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. இன்றைக்கே காற்றைக் குறையுங்கள். பின்னால் 80, முன்னால் 70. நாளைக் காலை அதே வழியில் போய்ப் பாருங்கள். கை மரப்பதில் பாதி குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 100, அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அவ்வளவு வைத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. லிஃப்டில் 13 பேர் என்று எழுதியிருக்கிறது என்பதற்காக, பதின்மூன்றாவது ஆள் வரும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டா நிற்கிறோம்? முப்பது வருடமாக இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வருகிற சைக்கிளில் பாதி கல் மாதிரி இறுகித்தான் வருகிறது.

இனி அகலம். உங்களுக்கு இப்போதுள்ள 28 மி.மீ.க்குப் பதில் 38 அல்லது 40 மி.மீ. டயர் சரியாக இருக்கும். ‘வேகம் போய்விடும்’ என்பது பழைய பேச்சு. டயர் ஒல்லியாகவும் இறுக்கமாகவும் இருந்தால், ரோட்டில் உள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் சைக்கிளோடு சேர்த்து உங்கள் 78 கிலோவும் மேலே எகிறி இறங்குகிறது. அதற்கான சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அகல டயரில் காற்று அதிகம், அழுத்தம் குறைவு. மேடு வந்தால் டயர் மட்டும் அமுங்கிக்கொடுக்கும், உடம்பு நேராகப் போகும். எடை கொஞ்சம் கூடும், சிக்னலில் கிளம்பும்போது அது தெரியும். எட்டு கிலோமீட்டரில் உங்கள் நேரத்தைத் தின்பது டயர் இல்லை, சிவப்பு விளக்குகள்தான்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் போய் “அகல டயர்” என்று மட்டும் கேட்டால், மலைக்காட்டில் ஓட்டுகிற முள்ளு முள்ளான டயரை எடுத்துக் கொடுப்பார்கள். கையிருப்பில் அதுதான் குவிந்து கிடக்கும். அதை மாட்டி தார் ரோட்டில் ஓட்டினால் லாரி மாதிரி இரையும், கால் கழன்றுபோகும், அகல டயரே மோசம் என்ற முடிவுக்கு நீங்களும் வந்துவிடுவீர்கள். மழையில் வழுக்காமல் இருக்க முள் வேண்டும் என்று ஒரு கதையும் சொல்வார்கள். கார் மாதிரி சைக்கிள் தண்ணீர்மேல் மிதந்து போவதற்கு நாம் ஓட்டுகிற வேகம் போதவே போதாது. வழுக்கி விடுவது ரோட்டில் அடித்திருக்கும் பெயிண்டும் இரும்பு மூடியும். அவற்றின்மேல் எந்த முள்ளும் பிடிக்காது. கேட்க வேண்டியது வழவழப்பான, அல்லது மேலோட்டமாகக் கோடு மட்டும் கீறிய டயர். அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை இருந்தால் நல்லது.

சரி, 29 இன்ச் கதைக்கு வருவோம். டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் நடுவில் கோடு போட்ட ஒரு எண் இருக்கும். உங்களுடையதில் 28-622 என்று இருக்க வேண்டும். முதல் எண் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 700சி என்றாலும் 622, 29 இன்ச் என்றாலும் 622. இரண்டும் ஒரே ரிம்தான் தம்பி! ஒரே சக்கரத்தை ரேஸ் சைக்கிள்காரனுக்கு ஒரு பெயரிலும் மலை சைக்கிள்காரனுக்கு இன்னொரு பெயரிலும் விற்கிறார்கள். அதைத் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது அந்தக் கடைக்காரருக்கே வெளிச்சம். பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் சரி, 38-622 அல்லது 40-622 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 28 டயர் போட்டிருக்கும் சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் ரிம் இந்த அகலத்தையும் தாங்கும். ரிம்மை மாற்றச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஏறுமா ஏறாதா என்பதைச் சக்கரம் முடிவு செய்வதில்லை. சைக்கிள் சட்டத்தில் (ஃபிரேமில்) இருக்கும் இடைவெளிதான் முடிவு செய்யும். கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: முன் ஃபோர்க்கின் மேல் பகுதி, பின்னால் பிரேக் இருக்கும் குறுக்குக் கம்பிக்குக் கீழே, பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு குழாயும் நெருங்கி வருகிற இடம். பெரும்பாலும் இந்தக் கடைசி இடம்தான் காலை வாரும். டயர் போகிற இடத்தில் உள்ளுக்குள் எவ்வளவு அகலம் என்று பார்த்து, அதில் 10 மி.மீ. கழித்துவிடுங்கள். மிச்சம்தான் நீங்கள் போடக்கூடிய டயர். 50 இருந்தால் 40 போடலாம். 46 இருந்தால் 35-இல் நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து எதற்கு என்றால், ஒரு ஸ்போக் கம்பி அறுந்தாலே சக்கரம் ஆட ஆரம்பித்துவிடும். அப்போது டயர் சட்டத்தில் உரசக்கூடாது.

அகலம் கூடினால் உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். 28-இலிருந்து 38-க்குப் போனால் டயரின் தலை ஏறக்குறைய 10 மி.மீ. மேலே வரும். மட்கார்ட் இருந்தால் முதலில் இடிப்பது அதுதான். அதற்காக மட்கார்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், செப்டம்பர் அக்டோபர் மழையில் முதுகெல்லாம் சேற்றுக் கோடு விழுந்து அலுவலகம் போய்ச் சேர்வீர்கள். பிரேக், வி-பிரேக்காகவோ (ரிம்மின் இரண்டு பக்கமும் தனித்தனிக் கை வைத்துப் பிடிப்பது) டிஸ்க்காகவோ இருந்தால் கவலையில்லை. ரேஸ் சைக்கிளில் வருகிற மாதிரி டயருக்கு மேலே வளைந்து பிடிக்கும் பிரேக் என்றால் 38 நுழையாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் பாதி வீட்டு வாசலில் நிற்பது, கூடை வைத்த அந்தப் பழைய 26 இன்ச் சைக்கிள். அந்த டயரில் 26×1⅜ என்று இருக்கும். பின்னமாக, ஒன்றேகால் அரைக்கால் என்று எழுதியிருந்தால் அது ஒரு சாதி. 26×1.5, 26×1.75 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது வேறு சாதி. பள்ளிக்கூடக் கணக்கில் 1⅜-ம் 1.375-ம் ஒன்றுதான். சைக்கிள் கடையில் ஒன்றில்லை. 1⅜ என்று பின்னம் போட்டது 590, புள்ளி வைத்தது 559. விட்டத்தில் 31 மி.மீ. வித்தியாசம். பின்ன டயரைப் புள்ளி ரிம்மில் போட்டால் வளையல் மாதிரி சுற்றும். புள்ளி டயரைப் பின்ன ரிம்மில் போடவே முடியாது.

அதைப் போட்டுப் பார்க்க யாரும் துணிய மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு அம்மா, மகன் இணையத்தில் மலிவாக வாங்கிக் கொடுத்த 26×1.75 டயரோடு என்னிடம் வந்தார். அதற்கு முன்பு ஒருவர் அதை நெம்புகோல் வைத்து ஏற்றப் பார்த்து, ரிம் ஓரத்தை வளைத்து, இரண்டு டியூபைக் கிழித்து, அதற்கும் கூலி வாங்கியிருக்கிறார். அந்த 590 அளவில் அகல டயர் என்று தேடாதீர்கள், 37-590 தான் வழக்கமாகக் கிடைக்கும். அதுவே அந்தச் சைக்கிளுக்குப் போதும். ஏற்கெனவே 37 அகலம்தானே, காற்றை மட்டும் ஒழுங்காக வையுங்கள். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதே மாதிரி ஏமாறலாம். 20 இன்ச்சிலும் 406, 451 என்று இரண்டு இருக்கிறது. கோடு போட்ட எண்ணைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். உலகம் முழுவதற்கும் பொதுவான எண் அது. அதைப் பெரிதாக அச்சடிக்காமல், பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற மாதிரி ஏன் ஓரத்தில் ஒளித்து வைக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இணையத்தில் மலிவாக வருவதில் இன்னொரு தொந்தரவு, பழைய சரக்கு. கார் டயரில் எந்த வாரம், எந்த வருடம் என்று நான்கு இலக்கம் இருக்கும். சைக்கிள் டயரில் எல்லாவற்றிலும் அப்படி இருக்காது. கையில் கிடைத்ததும் பக்கச் சுவரை மடித்துப் பாருங்கள். பொடிப் பொடியாக வெடிப்பு தெரிந்தால், ரப்பர் கட்டிக் கிடந்து காய்ந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள். அதேபோல் “பஞ்சரே ஆகாது, காற்றே வேண்டாம்” என்று முழு ரப்பர் டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பஞ்சர் ஆகாது, உண்மைதான். மரக்கட்டையும் பஞ்சர் ஆகாது.

டயர் மாற்றும்போது டியூபும் மாற்றுங்கள். பெட்டியில் எந்த அகலம் முதல் எந்த அகலம் வரை என்று போட்டிருக்கும், 38 அதற்குள் இருக்க வேண்டும். இப்போது ரிம்மில் ஒல்லியான வால்வு இருந்தால் புதிதும் ஒல்லி வால்வாகவே இருக்கட்டும். மோட்டார் சைக்கிளில் வருகிற தடித்த வால்வு நுழைய வேண்டும் என்று ரிம் துளையைப் பெரிதாக்குகிறேன் என்று டிரில்லைத் தூக்குகிறவரிடம் சைக்கிளை விடாதீர்கள்.

38 டயருக்குப் பின்னால் 50, முன்னால் 45 பி.எஸ்.ஐ. என்று தொடங்குங்கள். பெட்ரோல் நிலையத்து மீட்டரில் கிலோபாஸ்கல்தான் தெரியும். 350-ம் 300-ம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அந்தப் பம்பு கார் வால்வுக்கானது, ஒல்லி வால்வில் உட்காராது. மீட்டர் வைத்த நின்று அடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் நிம்மதி. சைக்கிள் டயரில் காற்று வாரா வாரம் இறங்கும், வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். பிறகு 3 பி.எஸ்.ஐ. 3 பி.எஸ்.ஐ. எனக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ரோட்டோர மேட்டில் ஏறும்போது ரிம் ‘டக்’ என்று இடித்தால் குறைத்தது அதிகம், கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

உங்கள் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளுகோரிலிருந்து கடலோரப் பாதையைப் பிடித்தால் முக்கால்வாசி நிம்மதி. டவுனுக்குள் வந்ததும் ஓரத்தில் லோங்காங் (சாக்கடை) மூடிகள் தொடங்கும். கம்பிகள் நாம் போகிற திசையிலேயே நீளமாக இருக்கிற மூடிகள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. 28 டயர் அந்தச் சந்தில் அப்படியே இறங்கும், ஆள் முன்னால் பறப்பார். 40 டயர் பெரும்பாலும் மேலேயே உருண்டு போகும், ஆனாலும் நம்பி ஏறாதீர்கள். மூடியைக் கழற்றிக் குறுக்கே திருப்பி வைக்க ஒரு சென் செலவில்லை. தண்ணீர் எப்படி வைத்தாலும் இறங்கும். சைக்கிள் பாதை என்று பெயிண்ட் அடிக்கப் பணம் இருக்கிறது, அதன்மேல் கார் நிற்பதைத் தடுக்க ஆள் இல்லை. இதற்கு மேல் பேசினால் ரத்தக் கொதிப்பு ஏறும், விடுங்கள்.

அளந்து பார்த்துப் பின்னால் இடம் போதவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். முன் ஃபோர்க்கில்தான் பெரும்பாலும் இடம் அதிகம். முன்னால் 38, பின்னால் 32 போடலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள். மரத்துப் போவது உங்கள் கைதானே, அதற்கு முன்பக்க டயர்தான் முக்கியம். இரண்டு வாரம் ஓட்டிய பிறகும் கை மரத்தால் டயரைக் குறை சொல்லாமல் சீட்டைப் பாருங்கள். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுவதும் கைக்கு வந்துவிடும். நேராக்க ஒரு சாவியும் இரண்டு நிமிடமும் போதும்.