பதினொரு இலக்கு வேண்டாம் தங்கச்சி

மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பு கம்பஸில் முதல் வருடம் படிப்பதாகவும், முதல் செமஸ்டரில் ஜீ.பீ.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி) 2.6 தான் வந்ததாகவும், சுவரில் ஒட்டிய பதினொரு இலக்குகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வாசிக்கக் கவலையாக இருந்தது. நானும் கிளிநொச்சியிலிருந்து வந்து வெள்ளவத்தை போர்டிங்கில் இருந்து படித்தவள்.

முதலில் அந்தத் தாளைக் கழற்றுங்கள். '3.7 எடுக்கவேண்டும்' என்று ஒட்டிவைத்தால் இன்றிரவு என்ன செய்வதென்று அது சொல்லாது. பட்டப் படிப்புகளின் அளவை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது பாடத்தின் பாரத்தை அளக்கும் ஓர் அலகுக்கு, 50 மணித்தியாலப் படிப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150. விரிவுரை அதில் 45 அளவுதான். மிச்சம் 105உம் நீங்களே இருந்து படிக்கவேண்டியது. பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் வாரம் ஏழு மணித்தியாலம். ஐந்து பாடமென்றால் 35. இதில் உங்கள் பட்டியலிலுள்ள ஜிம்முக்கும் ஜேர்மன் வகுப்புக்கும் நேரம் எங்கே?

உங்களுக்கு உண்மையில் இடிக்கிறது ஆங்கிலம். விரிவுரை நடந்த அன்றிரவே நான் ஒரு பக்கம் தமிழில் எனக்கே விளங்கப்படுத்தி எழுதுவேன், அதற்குக் கீழே ஐந்து வரி ஆங்கிலத்தில். தெரியாத சொல்லுக்குச் சிவப்புப் பேனை. மூன்றாம் மாதம்தான் டியூட்டோரியலில் கை உயர்த்தினேன், குரல் நடுங்க.

சிங்களத்துக்கு வகுப்பு வேண்டாம், கன்டீன் அக்காவோடு கதையுங்கள். போர்டிங்கில் சத்தமென்றால் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

2.6 வந்ததை வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். இந்த ஞாயிறே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.