என்கோமோ இட்ட கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி விடுதலைத் தலைவர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஜிம்பாப்வேயின் ஜோஷுவா என்கோமோவைத் தேசத் தந்தை என்கிறார்கள். அவரோ ஓர் இனக்குழுவின் தலைவராகவே எஞ்சினார். 1983இல் பெண் வேடமிட்டுத் தப்பி ஓடினார். 1987இல், தன் மக்களைக் கொன்ற பிரதமர் முகாபேயிடமே சரணடைந்து பதவி பெற்றார். இந்தக் கோழையை விட்டுவிட்டு மண்டேலாவிலிருந்து தொடங்கலாமா?

க.

அன்புள்ள க.,

யாரிலிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள். 1987 டிசம்பர் 22 அன்று, தன் கட்சியை முகாபேயின் கட்சியுடன் இணைக்கும் உடன்படிக்கையில் என்கோமோ இட்ட அந்தக் கையெழுத்தைப் பற்றியே சில வாரங்களாக எண்ணிக்கொண்டிருந்ததால்தான் உங்கள் கடிதத்திற்கு உடனே பதில் எழுதுகிறேன்.

இனக்குழுத் தலைவர் என்பதற்கு ஒரு வரி போதும். 1963இல் பிரிந்து சென்று ஸானு கட்சியைத் தொடங்கிய சித்தோலேயும், ஷோனா இனத்தவரான முகாபேயும் அதுவரை அவருடைய ஸாபு கட்சியில்தான் இருந்தார்கள். பெண் வேடக் கதையை அவரைத் துரத்திய அரசு பரப்பியது, அவர் மறுத்தார். புலவாயோ நகரில் அவருடைய வீட்டுக்குள் படையினர் புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றபின் போட்ஸ்வானா எல்லையைக் கடந்த ஒரு முதியவர் எந்த உடையில் சென்றார் என்று கேட்பது வாசிப்பவருக்கு அழகல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில், தன்னைக் கொல்லத் தேடிய அரசின் நாட்டுக்கே அவர் திரும்பிவந்தார் என்பதை நீங்கள் ஏன் எழுதவில்லை?

இனி அந்தக் கையெழுத்து. 1964 முதல் பத்தாண்டுகள் வெள்ளையர் ஆட்சியின் காவலில், பெரும்பகுதியும் கோனகுட்ஸிங்வா முகாமில் கழித்தவர் அவர். 1980 தேர்தலில் ஸானு 57 இடங்களையும் ஸாபு 20 இடங்களையும் பெற்றபோது தோல்வியை ஏற்று உள்துறை அமைச்சரானார். 1982இல் ஸாபுவின் பண்ணைகளில் ஆயுதக் குவியல்கள் கண்டெடுக்கப்பட்டதைக் காரணம் காட்டி, முகாபே அவரை வீட்டுக்குள் புகுந்த நாகத்துக்கு ஒப்பிட்டுப் பதவியிலிருந்து நீக்கினார். அடுத்த ஆண்டு ஜனவரியில், வட கொரியர்கள் பயிற்றுவித்த அரசின் ஐந்தாம் படைப்பிரிவு, என்கோமோவின் மக்கள் வாழும் மாட்டபெலேலாந்துக்குள் இறங்கியது. உமியை அடித்துச்செல்லும் முதல் மழை என்று பொருள்படும் குகுராஹுண்டி என்ற ஷோனாச் சொல்லே அந்தக் கொலைகளுக்குப் பெயராயிற்று. இறந்தவர்கள் இருபதாயிரம் வரை இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். 1984இல், மூன்றாம் ஆண்டாக மழை பொய்த்திருந்த தென்பகுதியில் கடைகளை மூடி, நிவாரண உணவையும் தடுத்து, ஏறத்தாழ 4,00,000 பேரைப் பட்டினி போட்டார்கள். அப்படியும் அந்த மக்கள் 1985 தேர்தலில் மாட்டபெலேலாந்தின் பதினைந்து இடங்களையும் அவருக்கே தந்தார்கள். அந்த வாக்குக்காக அவர்கள் மீண்டும் அடிபட்டார்கள். அவருடைய படைத்தளபதி லுக்அவுட் மசுக்கு, நீதிமன்றம் விடுவித்த பின்னும் காவலில் வைக்கப்பட்டு 1986இல் இறந்தார்.

இவ்வளவையும் சுமந்துகொண்டு கையெழுத்திட வந்த எழுபது வயதுக்காரரிடம் என்ன இருந்தது? பேனாவைக் கீழே வைத்திருந்தால் தன் மானம் காத்திருப்பார். அதற்கான விலையை மாட்டபெலேலாந்தின் ட்ஷோலோட்ஷோவிலும் கேஸியிலும் இருந்த கிராமத்தாரே செலுத்தியிருப்பார்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் நண்பர்கள் சலித்துவிட்டார்கள், ஆயினும் மறுபடியும் சொல்கிறேன்: அந்த உடன்படிக்கை ஸாபு என்ற பெயரை அழித்தது, கட்சியை முகாபேயின் தலைமையில் கரைத்தது, ஒரு கட்சி ஆட்சியை இலக்காக அறிவித்தது; கொலைகளையும் அதுதான் நிறுத்தியது. 1988இல் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டபோது, காட்டிலிருந்து ஆயுதங்களுடன் வெளியே வந்த கிளர்ச்சியாளர்கள் 122 பேர். ஒரு மாநிலத்தையே சுடுகாடாக்குவதற்குச் சொல்லப்பட்ட காரணம் அந்த 122 பேர்தான்.

அவர்மீது எனக்கும் மனத்தாங்கல் உண்டு, அது நீங்கள் சொல்வதல்ல. அந்த உடன்படிக்கையில் இறந்தவர்களுக்காக ஒரு வரிகூட இல்லை. பின்னர் மன்னிப்பு அந்தப் படையினருக்கும் நீட்டிக்கப்பட்டது. 1990 முதல் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர், 1999 ஜூலை 1 அன்று இறக்கும்வரை, அந்த ஒரு வரியை ஊரறியக் கேட்டுப் பெற்றிருக்கலாம் என்றே நினைக்கிறேன். பிள்ளையின் உடல் எங்கே புதைக்கப்பட்டது என்று தெரியாத தாய்மார்கள் அவரை ‘எங்கள் பெரியவர்’ என்றுதான் அழைத்துவந்தார்கள். அந்த அழைப்பையும் நீங்கள் எழுதிய கோழை என்ற சொல்லையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.